ஜப்பானின் தேநீர்ச் சிமிழ்: சரக்கும் அதன் பெட்டியும்

ஜப்பானில் முறைப்படி நடக்கும் தேநீர் விருந்துக்குப் போகிறவர், தேநீரைக் குடித்தவுடன் எழுந்து வந்துவிட முடியாது. கடைசியில் தலைமை விருந்தினர், தேநீர்த்தூள் வைத்திருந்த சிமிழைப் பார்க்க அனுமதி கேட்பார். வீட்டுக்காரர் அதைத் துடைத்து முன்னால் வைப்பார. ஒவ்வொருவராகக் குனிந்து, கீழே விழுந்துவிடாதபடி தரையை ஒட்டியே இரு கைகளிலும் எடுத்து, மூடியைத் திறந்து உள்பக்கத்தையும் பார்ப்பார்கள். பிறகு கேள்வி வரும். சிமிழின் வடிவம் என்ன? பூச்சு யாருடைய கைவேலை? அது பட்டுப்பையில் வந்திருந்தால், பையின் துணி எது? வீட்டுக்காரர் பதில் சொல்லியாக வேண்டும்.

வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சிமிழை விற்ற கடைக்காரர் அந்த அறையில் இல்லை. ஆனால் அவர் கடையில் சொன்னதைத்தான் வாங்கியவர் தம் வீட்டில், தம் விருந்தினர் முன்னிலையில் திருப்பிச் சொல்கிறார். கடைக்காரர் சொன்னது தவறானால் தலை குனிய வேண்டியவர் வாங்கியவரே. ஆகவே இந்தச் சரக்கை விற்பவர் மரத்தையும் பூச்சையும் மட்டும் விற்பதில்லை. பிறகு கேட்கப்படப்போகும் கேள்விகளுக்கான பதிலையும் சேர்த்து விற்கிறார். அந்தப் பதில் எப்படிச் சரக்கோடு பயணம் செய்கிறது என்பதையே இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

முதலில் சரக்கு எது என்று தெரிந்துகொள்வோம். இந்தச் சிமிழுக்கு ‘நட்சுமே’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் இலந்தைக்கு அதுதான் பெயர். பழத்தின் வடிவத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். கடைசல் மரம், மெல்லிய சுவர், மேலே பளபளப்பான பூச்சு, அழுத்தாமல் பொருந்தும் மூடி, இவ்வளவுதான். நடுத்தர அளவுச் சிமிழ் உயரத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய ஆறரை, ஏழு சென்டிமீட்டர் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும். பெரியது, நடுத்தரம், சிறியது என்ற மூன்று அளவுகளும் 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ (1522-1591) பெயரால் ‘ரிக்யூ வடிவம்’ என்றே இன்றும் விலைப்பட்டியலில் வருகின்றன. இவை தவிரத் தட்டை வடிவம் உண்டு. உருளை போலிருந்து சரிபாதியில் திறக்கும் ‘நாகாட்சுகி’ உண்டு.

நட்சுமே, நீர்த்த தேநீருக்கான மாட்சாத் தூளை வைக்க ஏற்பட்டது. கெட்டித் தேநீருக்கு வேறு பாத்திரம்; அது ‘சா-இரே’ எனப்படும் சுட்ட மண் குப்பி. அதற்குப் பட்டுப்பை கட்டாயம். நட்சுமேயைச் சாதாரணமாகப் பையில்லாமலே பயன்படுத்துவார்கள். அதையே கெட்டித் தேநீருக்கு எடுத்தால் பை போடுவார்கள். பை கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் எந்தத் தேநீருக்கு என்று கேட்காமல் விற்கும் கடைக்காரருக்குத் தம் தொழில் தெரியாது என்று அங்கே முடிவு கட்டிவிடுவார்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே நீக்கிவிடுவது நல்லது. நட்சுமே மாதக்கணக்கில் தேநீர்த்தூளைச் சேமித்து வைக்கும் டப்பா அல்ல. தூளைக் காற்றுப்புகாத தகரக் குப்பியில், குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்து, விருந்துக்கு முன்னால் சலித்து நட்சுமேயில் குவியலாகப் போடுவார்கள். விருந்து முடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிட்டு மெல்லிய தாளால் துடைத்துவிடுவார்கள். அண்மை ஆண்டுகளில் மாட்சாவுக்கு உலகெங்கும் கிராக்கி ஏறி, 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பெயர்பெற்ற தேநீர்க் கடைகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து விற்கும் நிலை வந்தது. புதிதாக வரும் வாடிக்கையாளர் பலர் அழகைப் பார்த்துச் சிமிழை வாங்கி, தூளை அதிலேயே விட்டுவைத்து, நிறம் மங்கிவிட்டதென்று குறை சொல்வார்கள். குறை சிமிழினுடையது அல்ல. விற்றபோது சொல்லாமல் விட்டவருடையது.

ஒரே கறுப்பு, பல விலை

ஒரு கடையில் மூன்று கறுப்புச் சிமிழ்கள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வடிவம், ஒரே பளபளப்பு. ஒன்று சில ஆயிரம் யென். அடுத்தது பல பத்தாயிரம். மூன்றாவது, பெயர்பெற்ற கைவினைஞரின் தங்கத்தூள் வேலைப்பாடு உள்பக்கத்தில் இருந்தால், பல இலட்சம். நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் இரண்டு இடங்களில் இருக்கிறது: அடிப்பொருள், பூச்சு. அடிப்பொருள் முழு மரமாக இருக்கலாம். மரத்தூளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தியதாக இருக்கலாம். வெறும் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். பூச்சு உருஷியாக இருக்கலாம், முந்திரிப் பூச்சாக இருக்கலாம், யூரித்தேன் போன்ற ரசாயனப் பூச்சாகவும் இருக்கலாம்.

உருஷி என்பது ஒரு மரத்தின் பால். நம்மவர்கள் இதை அரக்கு என்று எண்ணிக்கொள்வதுண்டு, அது பிழை. அரக்கு பூச்சி தருவது. சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். உருஷி மரம் தருவது. இறுகியபின் சூட்டுக்கும் இளகாது, சாராயத்துக்கும் கரையாது. மாமரம், முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. நாட்டுமருந்துக் கடைக்காரர்கள் நன்கறிந்த சேங்கொட்டையும் அதே குடும்பம்தான். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து தடிப்பது போலவே பச்சை உருஷி பட்டாலும் தடிக்கும். முழுவதும் இறுகிவிட்ட பாத்திரத்தால் அத்தகைய தொல்லை இல்லை.

மரம் பால் கறக்கத் தகுதி பெறப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஜூன் முதல் இலையுதிர் காலம் வரை, சில நாள் இடைவெளி விட்டு விட்டுப் பட்டையில் கீறல் போட்டு, கசிவதைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் கீறினால் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 200 கிராம்! அதன்பின் அந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டையிலிருந்து புதுத்துளிர் வரக் காத்திருக்கிறார்கள். ஜப்பானில் கிடைக்கும் உள்நாட்டு உருஷியில் பெரும்பங்கு இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியிலிருந்து வருகிறது. ஆனால் நாட்டின் மொத்தத் தேவையில் உள்நாட்டுப் பால் மிகச் சிறு பங்குதான். மிகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2015இல் அரசு, தேசியப் பொக்கிஷங்களான பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கக் கூடியவரை உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டுமென்று முடிவெடுத்தபின் அந்தச் சிறு பங்குக்கும் போட்டி கூடியது.

இறுகும் விதமும் விந்தையானது. மற்ற வண்ணங்கள் ஈரம் போகப் போகக் காயும். உருஷிக்கு ஈரம் வேண்டும். இருபது இருபத்தைந்து பாகை வெப்பமும் எழுபது எண்பது சதவீத ஈரப்பதமும் உள்ள அலமாரியில் வைத்தால்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து பால் இறுகும். ஒரு பூச்சு இறுகியபின் தேய்ப்பு, மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு. அவசரப்படுத்த முடியாத வேலை. விலைக்கு இதுவே முதல் காரணம்.

முந்திரிப் பூச்சு ஜப்பானியர் கண்டுபிடித்த மாற்று. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயே அதற்கு மூலப்பொருள். பருப்பை எடுத்தபின் மிஞ்சும் ஓட்டிலிருந்து அந்த எண்ணெயை எடுத்து ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதை நம் முந்திரி வியாபாரிகள் அறிவார்கள். உருஷிக்கு உறவு மரத்தின் எண்ணெய் ஆதலால் தோற்றம் ஏறக்குறைய அதே; ஈர அலமாரி தேவையில்லை; விலை மலிவு. இதில் இழிவு ஒன்றும் இல்லை. தேநீர் வகுப்புகளில் மாணவர்கள் பழகுவதற்குப் பிளாஸ்டிக் சிமிழும் முந்திரிப் பூச்சுச் சிமிழும்தான் ஏற்றவை. நாள்தோறும் பல கைகள் தொட்டு, கீழே போட்டு, தேய்த்துத் துடைக்கும் இடத்தில் இலட்ச ரூபாய்ச் சிமிழை யார் கொடுப்பார்கள்? மலிவுச் சரக்கு விற்பது குற்றமல்ல. முந்திரியை உருஷி என்று சொல்லி விற்பதே குற்றம்.

இந்தக் குழப்பத்துக்குச் சட்டம் ஒரு வழி செய்திருக்கிறது. 1962ஆம் ஆண்டின் வீட்டு உபயோகப் பொருள் தரக் குறியீட்டுச் சட்டத்தின்படி, உணவுக்கும் சமையலறைக்கும் பயன்படும் பூச்சுப் பாத்திரங்களில் பூச்சின் வகையையும் அடிப்பொருளின் வகையையும் எழுதி ஒட்ட வேண்டும். தேநீர்ச் சாமான் கடைகளும் தங்கள் விலைப்பட்டியலில் ‘மரம், உருஷி’, ‘மரம், முந்திரி’, ‘பிசின், யூரித்தேன்’ என்று இரண்டையும் சேர்த்தே போடுகின்றன. இரண்டில் ஒன்று மட்டும் எழுதியிருந்தால் மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘உருஷிப் பூச்சு’ என்று மட்டும் இருந்தால் அடியில் மரம்தான் என்று எண்ணிவிடக்கூடாது. ‘மரம்’ என்று மட்டும் இருந்தால் மேலே இருப்பது உருஷி என்றும் எண்ணிவிடக்கூடாது.

கையில் எடுத்துப் பார்க்கவும் சில வழிகள் உண்டு. நல்ல மரச் சிமிழ் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்கும். தொட்டால் சில்லென்று இராது. மூடி தளராது, பிடிக்கவும் செய்யாது. இது எளிதன்று. கடைசல்காரர் மூடியையும் உடலையும் கடையும்போதே, பின்னால் வரப்போகும் பூச்சின் கனத்துக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுக் கடைய வேண்டும். முடி அளவு தவறினாலும் மூடி ஆடும், அல்லது இறுகும். ஆனால் கை சொல்வதை மட்டும் நம்பி உருஷிக்கும் முந்திரிக்கும் தீர்ப்புச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம். அதனால்தான் எழுத்து வேண்டும், பெட்டி வேண்டும்.

பெட்டியே பத்திரம்

நல்ல சிமிழ் ‘கிரி’ என்னும் மரத்தால் செய்த வெள்ளைப் பெட்டியில் வரும். ஜப்பானிய மரங்களில் மிக இலேசானது கிரி. அதன் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பலகையை மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் போட்டுக் கறைச்சத்தை வெளியேற்றிய பிறகே பெட்டி செய்வார்கள். இல்லையென்றால் பிற்பாடு கறுத்துவிடும். உலோக ஆணி போடாமல் மர ஆணியால் இணைப்பார்கள். மழைக்காலத்தில் மரம் சற்று உப்பி மூடி நெருக்கமாக அடைத்துக்கொள்ளும். வெளி ஈரம் உள்ளே போவது குறையும். உள்ளே சிமிழை மஞ்சள் நிறப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பார்கள். அத்துணிக்கு ‘உகோன்’ துணி என்று பெயர். உகோன் என்றால் நம் மஞ்சளேதான். மஞ்சளில் தோய்த்த துணியைப் பூச்சி அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. இன்று விற்பனையாகும் துணிகளில் பல, ரசாயனச் சாயத்தால் மஞ்சளானவை.

பெட்டியின் முக்கிய வேலை பாதுகாப்பு மட்டுமன்று. மூடியில் மையால் எழுதியிருக்கும்: இன்ன சிமிழ், இன்ன வேலைப்பாடு. செய்தவரே எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் இட்டிருந்தால் அது ‘தொமோபாகோ’, உடன்பிறந்த பெட்டி. தேநீர்ப் பள்ளியின் தலைவர் பார்த்து, பெயரிட்டு, எழுதிக் கொடுத்த பெட்டியானால் மதிப்பு இன்னும் ஏறும். மூலப்பெட்டி தொலைந்து பின்னால் வேறு பெட்டி தேடிப் பொருத்தியிருந்தால் அது ‘அவாசேபாகோ’, சேர்த்துவைத்த பெட்டி. அதற்கு அந்த மதிப்பு கிடையாது. ஒரே கைவினைஞரின் ஒரே தரச் சிமிழ், உடன்பிறந்த பெட்டியோடு இருந்தால் ஒரு விலை, பெட்டியில்லாமல் இருந்தால் வெகுவாகக் குறைந்த விலை. பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுச் சிமிழை மட்டும் எடுத்துவந்து விற்கப்பார்க்கும் வாரிசுகள் கடையில் இதைக் கேட்டுத் திகைத்துப்போவார்கள். வீட்டுப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டை விற்கப் போவது போன்றது அது.

பத்திரம் இருந்தால் பத்திர மோசடியும் இருக்குமல்லவா? நல்ல பெட்டியில் வேறு சிமிழைப் போட்டு விற்பது பழைய தந்திரம். அதனால் அனுபவமுள்ள வியாபாரி முதலில் பெட்டிக்குள் சிமிழ் அளவாக உட்காருகிறதா என்று பார்ப்பார். மரத்தின் பழுப்பும் மையின் பழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். மூடியிலுள்ள எழுத்து சொல்லும் வேலைப்பாடு சிமிழில் இருக்கிறதா என்று பார்ப்பார். கட்டும் நாடாவைக்கூட விடமாட்டார். ‘சனதா’ எனப்படும் தட்டையான நெய்த நாடாவால் பெட்டியைக் கட்டுவார்கள். தேநீர்ப் பள்ளிகளுக்குத் தனித்தனி நாடா வண்ணங்கள் உண்டு. பெட்டியில் ஒரு பள்ளியின் எழுத்தும், கட்டியிருப்பது வேறு பள்ளியின் நாடாவுமாக இருந்தால் விசாரிக்க வேண்டிய சரக்கு என்று பொருள்.

சா-இரேக் குப்பிக்கு இந்த ஏற்பாடு இன்னும் விரிவானது. குப்பி பட்டுப்பைக்குள், பை, ‘ஹிக்கியா’ எனப்படும் கடைசல் மரக் கூட்டுக்குள், கூடு மற்றொரு பைக்குள், அது பெட்டிக்குள், சில சமயம் அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள். பட்டுப்பைக்கு ‘ஷிஃபுகு’ என்று பெயர். பொன்னிழைத் துணி, பூவேலைப் பட்டு, கோடிட்ட துணி என்று வகை வகையாகப் பெயரிட்டு, எந்தக் குப்பிக்கு எந்தத் துணி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பழைய இறக்குமதித் துணிகளுக்குத் தனி மதிப்பு. அவற்றில் நம் கரையிலிருந்து போனவையும் உண்டு. சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகளை ‘சரசா’ என்று பெயரிட்டுத் தேநீர்ச் சாமான்களைச் சுற்றிவைக்கும் துணியாகப் போற்றினார்கள். டச்சுக் கப்பல்களில் போன கோடிட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் ‘சாந்தோமே’ என்றே பெயர். சென்னை சாந்தோமின் பெயர்தான் அது. நெய்தவர் பெயர் போகவில்லை, துறையின் பெயராவது போய்ச் சேர்ந்ததே என்று நாம் திருப்திப்பட வேண்டியதுதான்!

ஊர்ப் பெயர்

பெட்டிக்கு அடுத்தபடியாகச் சரக்கோடு வரும் பதில் ஊர்ப் பெயர். இஷிகாவா மாநிலத்தின் யமனாகா, கடைசலுக்குப் பெயர்போன ஊர். நட்சுமே என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அங்கே அடிமரத்தை நிற்கும் வாக்கிலேயே துண்டுபோட்டுக் கடைவதால் பின்னால் கோணுவது குறைவு. மூடிபோட்ட சிமிழுக்கு அது மிக முக்கியம். அதே யமனாகாதான் 1950களுக்குப் பிறகு பிளாஸ்டிக் அடிப்பொருளுக்கும் துணிந்து மாறிப் பெருமளவு வியாபாரம் செய்த ஊர். ஆகவே ‘யமனாகா’ என்ற பெயர் மட்டும் போதாது. எந்த யமனாகா என்று கேட்க வேண்டும். 1974இல் மரபுக் கைத்தொழில் சட்டம் வந்து, 1975இல் யமனாகா, வஜிமா, ஐசு ஆகிய ஊர்களின் உருஷி வேலை அதன்கீழ்ச் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் முத்திரை இருந்தால் மரபு முறைப்படி செய்த சரக்கு என்று கொள்ளலாம்.

வஜிமா அதே மாநிலத்தின் வடகோடி. அடிப்பூச்சில் அவ்வூர் மண்ணைச் சுட்டுப் பொடித்துக் கலப்பதும், உடையக்கூடிய இடங்களில் துணி ஒட்டிப் பலப்படுத்துவதும் அதன் சிறப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப்படிகள் சொல்கிறார்கள். வணிகர்களுக்குச் சுவையான செய்தி வேறு. எடோ காலத்தில் வஜிமா வியாபாரிகள் ஊர் ஊராகச் சென்று, விலையுயர்ந்த கிண்ணங்களைச் சீட்டுக் கட்டி விற்றார்கள். பலர் சேர்ந்து தவணை கட்ட, முறை வந்தவர் கிண்ணச் செட்டை எடுத்துக்கொள்வார். ‘கிண்ணச் சீட்டு’ என்று பொருள்படும் பெயரே அதற்கு இருந்தது. விற்ற பாத்திரம் பழுதானால் திரும்ப எடுத்துச் சென்று மறுபூச்சுப் போட்டுத் தருவதும் அவர்கள் வழக்கம்.

அந்த ஊருக்கு 2024 ஜனவரி 1ஆம் தேதி பேரிடி விழுந்தது. நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். வஜிமாவின் காலைச் சந்தைப் பகுதியில் தீப்பிடித்துச் சுமார் 240 கட்டடங்கள் எரிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளமும் வந்தது. பட்டறை, கருவி, பாதி முடிந்த சரக்கு எல்லாம் போனவர்கள் பலர். கடைபவர் ஒருவர், அடிப்பூச்சு ஒருவர், மேற்பூச்சு ஒருவர், தங்கத்தூள் வேலை ஒருவர் என்று பிரிந்து நடக்கும் தொழில் அது. சங்கிலியில் ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் மற்றவர் கை நின்றுவிடும். ஆகவே இனி வஜிமாச் சரக்குக்கு ஆர்டர் கொடுப்பவர் காலதாமதத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். உடனே வேண்டுமென்று நெருக்கினால் வேறு ஊர்ச் சரக்கு வஜிமா என்ற பெயரில் வந்து சேரக்கூடும்.

கடையில் வைக்கும் முறை

உருஷிக்கு எதிரி வெயில். கண்ணாடி அலமாரியில் நேர்வெயில் பட்டால் பளபளப்பு மங்கி நிறம் மாறும். பிறகு மறுபூச்சுத்தான் வழி. அடுத்த எதிரி அளவுமீறிய வறட்சி. குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்தில் வைத்தால் மரம் சுருங்கிப் பூச்சில் கீறல் விடும். ஜப்பானியக் கடைகளில் உருஷிப் பாத்திர அலமாரியின் மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் இருப்பதைக் காணலாம். அது யாரோ குடிக்க வைத்து மறந்ததல்ல. காற்று வறளாமல் இருக்க வைத்தது. துடைப்பதற்கு மென்மையான பழந்துணி போதும். ஊறவைப்பதும், சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பதும், குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பதும் கூடாது. மோதிரம் அணிந்த கையால் எடுக்கக்கூடாது என்பது தேநீர் அறையின் வழக்கம்; கடைப் பையன்களுக்கும் அதைச் சொல்லிவைக்கலாம். புதுச் சிமிழில் உருஷி வாடை இருந்தால் தேநீரில் ஏறும். மூடியைத் திறந்து நிழலில் காற்றாட வைத்தால் நாளடைவில் போய்விடும்.

தருவித்து விற்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சா-இரேக் குப்பியின் மரபான மூடி யானைத் தந்தத்தால் ஆனது. அடிப்பக்கம் பொற்தாள் ஒட்டியிருக்கும். 1990 முதல் பன்னாட்டு ஒப்பந்தப்படி தந்த வியாபாரம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தம் விற்பது குற்றம். பழைய பொருள், சிறிய மூடிதானே என்ற சமாதானம் செல்லாது. பிசினால் செய்த மூடிகள் கிடைக்கின்றன. ஆர்டர் கொடுக்கும்போதே மூடி எதனால் ஆனது, அடிப்பொருள் எது, பூச்சு எது, பெட்டி உடன்பிறந்ததா சேர்த்துவைத்ததா என்று நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தாளைப் பெட்டியோடேயே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுங்கள்.